'அவரு' என்ற பெயர்

எண்பத்தெட்டில் ஜவ்வாது மலைமேல் இருந்த எங்கள் வானாய்வுக் கூடத்தில், ஒரு காலையில் பச்சையம்மாவைத் திருடி என்றார்கள். அவளும் நானும் ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள். கூட இருப்பவளை எனக்குத் தெரியாதா?

தொலைநோக்கியை இயக்கும் அவள் கணவன் வேடியப்பனின் டைரக்டரி, அதாவது அவன் சேர்த்துவைத்த கோப்புகள் மொத்தமும், திடீரென்று அவள் பெயருக்கு மாறியிருந்தது. சொந்தக்காரரை மாற்றும் அதிகாரம் 'ரூட்' என்ற தலைமைக் கணக்குக்கு மட்டும்தான் உண்டு. அந்தப் பாஸ்வேர்டைப் புருஷனும் பெண்டாட்டியும் திருடிவிட்டார்கள் என்று அதிகாரி ரங்கசாமி முடிவே கட்டிவிட்டார். வேடியப்பனை வாசலில் ஜீப்பில் உட்காரவைத்தார். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம்.

பச்சையம்மாவை, என்னதான் செய்து தொலைத்தாய் என்று அதட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று பயம். இவளுக்கு அதை டைப் அடிக்கவும் பயம். அதனால் அவன் டைரக்டரிக்கு 'அவரு' என்று ஒரு லிங்க், அதாவது அந்த இடத்துக்கே வழிகாட்டும் இன்னொரு பெயர், போட்டு, அதன் வழியாகவே போய்வந்திருக்கிறாள். இன்று நகரத்திலிருந்து அவனுக்கு வந்த கோப்பை இறக்கும்போதும், பாவி, அதே பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கோப்பு இறக்கும் புரோகிராம் ரூட் அதிகாரத்தில் ஓடுவது. அந்தப் பெயரில் இருப்பது லிங்க்தானா என்று பார்க்காமல், லிங்க் காட்டிய இடத்தையே இவள் பெயருக்கு எழுதிவிட்டதோ? ரங்கசாமி சாரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர் டைரக்டரிக்கே ஒரு லிங்க் போட்டு, அந்தப் பெயரில் ஒரு கோப்பை இறக்கினேன். தப்பாகப் போனால் எனக்கும் ஜீப்புதான்.

திரையில் சார் டைரக்டரிக்குச் சொந்தக்காரராக என் பெயர் வந்தது. மங்கம்மாள்.

சாருக்கு முகம் வெளுத்தது. யார் வேண்டுமானாலும் எதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று முணுமுணுத்தபடி, நகரத்துக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். ஆனாலும் மனுஷனுக்கு வீம்பு போகவில்லை. அந்த 'அவரு' யார் என்று அவள் வாயாலேயே சொன்னால்தான் விடுவேன் என்றார்.

பச்சையம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேடியப்பன்ங்க. எம் புருசன். அவரு திருடன் இல்லீங்க.”

அவனை இறக்கிவிடுங்கள் என்றார் சார். அப்பாடா என்று நான் திரும்பினால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். வெளியே வேடியப்பன் ஜீப்பில் தலை சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

“மூச்சு வர்தா பாருக்கா,” என்றாள். “எனக்குப் பாக்க பயமா இருக்குது.”