நீலத்துணிக்குப் பதில் மலை

மஞ்சு மேலேறுகிறது, பள்ளத்திலிருந்து உலைப்புகை போலக் கிளம்பி, தேயிலைச் சரிவைத் தின்று, ஐப்பசியில் புல் பழுத்துச் சிவந்து நிற்கும் மொட்டைமலையின் கழுத்துவரை வந்துவிட்டது, நான் காமிராவைத் துடைத்துத் துடைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் வெயில், அதற்கு முன் தூறல், இந்த வானத்தை நம்பிப் படமெடுக்க வருகிறவன் பைத்தியக்காரன், ஆனால் முத்துராக்குச் சித்திக்கு இன்றைக்கு விட்டால் நாள் இல்லை, முப்பத்தோரு வருஷம் கொழுந்து பறித்தவளை எஸ்டேட் இன்றோடு நிறுத்துகிறது, நாளைக் காலை பஸ்ஸில் திருப்பூருக்கு, மகன் வீட்டுக்கு. எஸ்டேட் கார்டு, ரேசன் கார்டு, ஓட்டு கார்டு எல்லாத்து போட்டோவுலயும் எம் பொறத்தால நீலத்துணிதாண்டா தொங்குது, எறங்கிப் போறதுக்குள்ள மலை முன்னால நின்னு ஒண்ணு எடுத்துக் குடு என்று போன வாரம் போனில் சொன்னாள், வந்துவிட்டேன்.

காலையிலிருந்து மூன்று தடவை மலை திறந்தது, மூன்று தடவையும் நான் சித்தி என்று கத்தியதும், தலையில் கட்டியிருந்த மழைக்காகிதத்தை அவிழ்த்தாள், இடுப்புச் சாக்கைக் கழற்றினாள், மயிரை ஒதுக்கி இரண்டு காதும் தெரிய முகவாயைத் தூக்கி விறைத்து நின்றாள், அதற்குள் மலை போயிருந்தது. ஒண்ணுத்தையும் கழட்டாத சித்தி. காது தெரியலன்னா ஆபீசுல திருப்பி அனுப்பிருவாங்கடா. இது ஆபீசுக்கு இல்ல சித்தி. அடுத்த வரிசையில் பறிக்கும் குருவம்மாக்கா, காத எடுத்துக்கிட்டு மூஞ்சிய விட்ரு தம்பி, அவகிட்ட பாக்குறாப்புல இருக்கறது அதுதான் என்கிறாள், ஒனக்கு வயித்தெரிச்சல்டி என்கிறாள் சித்தி. என் அம்மாவும் இந்தச் சரிவில்தான் குனிந்து கிடந்தாள், பள்ளி விட்டு வந்து அவள் காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்குவேன், அம்மா காலா சித்தி காலா, கனவில் மாறி மாறி வருகிறது, மலை அழகென்று அப்போது யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நிமிர்ந்து பார்த்தால் கொழுந்து எடை குறையும்.

சங்கு ஊதிவிட்டது, கடைசிச் சங்கு, விடுடா, நமக்குக் குடுத்து வைக்கல என்று சித்தி கொழுந்து மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வருகிறாள், பின்னால் குருவம்மாக்கா என்னவோ அசிங்கமாகச் சொல்கிறாள், சித்தி வாய்விட்டுச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்குப் பின்னே மலை முழுசாக எழும்புகிறது, நனைந்த செம்புல், பாறையில் வழியும் தண்ணீர், உச்சியில் ஒரு துண்டு வெயில், நான் கூப்பிடவில்லை, வாயை மூடிக்கொண்டு அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

திரையில் காட்டினேன், கோணிய மழைக்காகிதம், சேறான சாக்கு, பல்லெல்லாம் வெளியே, சித்தி கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். இம்புட்டுப் பெரிய மலைய நான் மறச்சுக்கிட்டு நிக்கிறேனேடா, கொஞ்சம் தள்ளி நிக்கிறேன், இன்னொண்ணு எடு. தள்ளி நின்றாள், மூட்டையோடு, எதையும் கழற்றாமல், அதற்குள் மஞ்சு ஏறி மலையைத் தின்று குருவம்மாக்காவைத் தின்று சித்தியின் முழங்கால்வரை வந்துவிட்டது, எட்றா என்கிறாள், மலை இல்ல சித்தி, இருக்கு, பின்னாலதான் இருக்கு, நீ எடு என்கிறாள், எடுக்கிறேன்.