வைகாசியில் வெள்ளையடித்த வீடு

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மாடி வீட்டுக்குக் குடிவர நினைக்கிறவர்கள் இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கென்றே ஒரு ஃபாரம் அச்சடித்து வைத்திருந்தார். சிவகாசியில் அச்சாபீஸ் நடத்தும் அவருடைய மைத்துனர் ஐந்நூறுக்குக் குறைந்து ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டதால், விருதுநகரில் இருக்கும் ஒரே ஒரு மாடிப் போர்ஷனுக்கு ஐந்நூறு ஃபாரம் வந்து இறங்கியிருந்தது.

"ஒங்க பேரப்பிள்ளைக காலம் வரைக்கும் ஆளை மாத்தி மாத்திக் குடிவைக்கலாம் அண்ணாச்சி" என்றார் தரகர் சீனிவாசகம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நீரு சிரிப்பீரு. அரை நாள் ஸ்டேஷன்ல உக்காந்தது நான்லா."

இரண்டு வருடங்களுக்கு முன் மாடியில் குடியிருந்தவன், அறை நிறையப் பட்டாசுத் திரியை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தான். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனபோது வீட்டுக்காரர் என்று அண்ணாச்சியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அதிலிருந்து மாடி பூட்டியே கிடந்தது.

செல்வலட்சுமி ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊர்: எம். புதுப்பட்டி. எந்தத் தெரு என்று ஒரு கேள்வி. எதற்குக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், மறைக்காமல் எழுதினாள். கணவர்: இறந்து ஏழு வருடம். இப்போதைய வேலை: பட்டாசுக் கம்பெனி. இனிச் செய்யப்போகும் வேலை: பருப்பு மில். வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்களின் பெயர்கள், வாரத்துக்கு எத்தனை நாள் கறி எடுப்பீர்கள், யாருக்காவது தீராத நோய் உண்டா. ஒவ்வொரு பதிலுக்கும் உடம்பிலிருந்து ஒரு துணியைக் கழற்றி அவர்கள் கையில் கொடுப்பதுபோல இருந்தது. பதினெட்டாவது கேள்வியில் பேனா நின்றது.

குடும்பத்தில் யாரேனும் வெடி விபத்தில் சிக்கியதுண்டா?

இல்லை என்று எழுதினாள்.

அண்ணாச்சியின் மனைவி லட்சுமிகாந்தம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல மனுஷிதான். "ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் அங்கன வந்து ஒங்க வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துருதோம். தப்பா நெனைக்காதம்மா. இருக்கிற வீட்டைப் பார்த்தா ஆளைத் தெரிஞ்சிரும்லா?"

"வாங்கக்கா. தாராளமா வாங்க."

வெளியே வந்ததும் சீனிவாசகம் சொன்னார். "சம்பந்தம் பேச வாரவுக கூட இம்புட்டுக் கேக்க மாட்டாக. ஆனா நல்ல வீடும்மா. பள்ளிக்கூடம் நாலு தெரு தள்ளித்தான். ஆனி பொறந்துட்டா யாரும் வீடு மாற மாட்டாக. அதுக்குள்ள பால் காச்சிரு."

அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான் எல்லாம். ரோஜாவுக்குப் பதினாறு வயது. பதினோரு வயதில், கோடை லீவில், மூன்றாவது வீட்டில் திரி ஒட்டப் போன இடத்தில் நெருப்புப் பிடித்தது. போ என்று அனுப்பியது செல்வலட்சுமிதான். இடது கையும் தோளும் கழுத்தின் ஒரு பக்கமும் உருகி, பிறகு இறுகிப் போயின. முகம் மட்டும் தப்பியது. ஆஸ்பத்திரியில் யார் யாரோ வந்து தோளைத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு பேப்பரில் அந்தப் படம் வந்தது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். அப்புறம் ரோஜா என்ற பெயரே போய்விட்டது. தண்ணீர் எடுக்கப் போனாலும் "வெடிச்ச பிள்ளை", கோவிலுக்குப் போனாலும் "வெடிச்ச பிள்ளை". அவள் வெளியே போவதையே விட்டாள். எட்டாவதையும் பத்தாவதையும் வீட்டிலிருந்து படித்துத்தான் எழுதினாள். ஐந்நூறுக்கு நானூற்றுப் பதினேழு.

மார்க் வந்த அன்று அவளாகவே சொன்னாள். "ப்ளஸ் ஒன் போறேம்மா. ஆனா யாருக்கும் என்னயத் தெரியாத ஊரா இருக்கணும். முழுக்கைச் சட்டை போட்டுக்கிறேன், தாவணியக் கழுத்தோட சுத்திக்கிறேன். எப்பயாச்சும் ஒருத்தி பார்த்துட்டுக் கேட்டா, அது நான் சொல்லிக்கிறேன். நான் சொல்லணும்மா. அவளுக்கு முன்னக்கூட்டியே தெரிஞ்சிருக்கக் கூடாது."

செல்வலட்சுமி அவள் தலையில் கைவைத்து, "என் வாயால வராது" என்று சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. செல்வலட்சுமி தன் வீட்டை அந்நியர் கண்ணால் ஒருதரம் பார்த்தாள். நிலையைச் சுற்றி, சுவிட்சுக்குக் கீழே, தண்ணீர்ப் பானைக்கு மேலே எல்லாம் வெள்ளிப் பூச்சு. கம்பெனியில் மத்தாப்புக்குச் சேர்க்கும் அலுமினியப் பொடி எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. வந்து களைப்பில் சுவரைப் பிடித்தால் சுவரில் ஏறிவிடும். அந்த ஊரில் எல்லா வீட்டுச் சுவரும் அப்படித்தான். பத்து வருடக் கைகள் அந்தச் சுவரில் மினுங்கிக்கொண்டிருந்தன. விருதுநகர் ஆட்கள் இதைப் பார்த்தால் வீட்டில் வைத்தே மருந்து இடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து, நீலம் கலந்து, தாயும் மகளும் வெள்ளையடித்தார்கள். ரோஜா வலது கையால் மட்டையை இழுத்தாள். மூக்கில் சுண்ணாம்பு தெறித்ததற்குச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. "அங்கன மாடியில சன்னல் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். கிழக்கே என்று செல்வலட்சுமி சொன்னாள். சரியாகத் தெரியாது, ஆனாலும் சொன்னாள்.

ஞாயிறு காலை அண்ணாச்சியும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ரோஜாவை உள்ளறையில் இருக்கச் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுண்ணாம்பு வாசனையில் நின்றார். சுவரைப் பார்த்தார், மேலே மோட்டைப் பார்த்தார்.

"வீட்டுல விசேஷமா?"

"இல்ல அண்ணாச்சி."

"கல்யாணம், சடங்கு?"

"ஒண்ணும் இல்ல. நீங்க வாரீகன்னுதான்."

"பொங்கலுக்கு அடிப்பாக. தீவாளிக்கு அடிப்பாக. வைகாசியில எவ வெள்ளையடிப்பா?" அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அந்தப் பய என்ன செஞ்சான், ஞாவகம் இருக்கா? மாடியில பளபளன்னு வெள்ளையடிச்சு வச்சிருந்தான். ஆகா, நம்ம வீட்டைத் தன் வீடு மாதிரிப் பார்க்கானேன்னு நான் பூரிச்சுப் போய்க் கெடந்தேன்."

நிலைப்பக்கம் போய்க் கட்டைவிரல் நகத்தால் சுவரைச் சுரண்டினார். சுண்ணாம்பு பொருக்காக உதிர்ந்தது. அடியில் வெள்ளி மினுங்கியது.

"கம்பெனியில ஒட்டுனது அண்ணாச்சி. இங்கன எல்லா வீட்டுலயும் இருக்கும்."

"இருக்கும். நானும் பார்த்துட்டுத்தான் வாரேன், எதுத்த வீட்டுலயே இருக்கு. அவுக மறைக்கலையே. நீ ஏன் மறைக்கே?"

செல்வலட்சுமி உதிர்ந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். சும்மா விட்டிருந்தால் சும்மா போயிருக்கும். அவளாகவே காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிச் சந்தேகத்தைப் பூசி வைத்திருக்கிறாள்.

"சரி, விடு. பக்கத்துல நாலு வீட்டுல விசாரிச்சுக்கிறேன்" என்று அண்ணாச்சி செருப்பை மாட்டப் போனார்.

முதல் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். கேட்காமலே சொல்வார்கள். பேப்பரை எடுத்துக் காட்டுவார்கள். அப்போது ஃபாரத்தில் எழுதிய பொய்யும் சேர்ந்து வரும். வீடு போகும்; பள்ளிக்கூடம் போகும். உள்ளறைக் கதவு நூலளவு திறந்திருப்பதை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அண்ணாச்சி, யாரையும் கேக்க வேண்டாம். நானே சொல்லிருதேன்."

சொன்னாள். லீவு, மூன்றாவது வீடு, திரி, ஆஸ்பத்திரியில் நாலு மாதம். தான் அனுப்பியதையும் சொன்னாள். லட்சுமிகாந்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி மட்டும் யோசனையாக நின்றார்.

"அஞ்சு வருசம்ங்கே. நேத்து நடந்துச்சா, போன மாசம் இந்த வீட்டுக்குள்ளயே நடந்துச்சா, எனக்கு எப்பிடித் தெரியும்? சுவரு வேற புதுசா இருக்கு. ஏற்கெனவே நீ இல்லன்னு எழுதியிருக்கே."

"சத்தியமா அண்ணாச்சி."

"நான் பார்த்துச் சொல்லுதேன்" என்றாள் லட்சுமிகாந்தம் மெதுவாக. "பொம்பளைப் பிள்ளை. நீங்க வெளிய நில்லுங்க. பழைய தழும்பா புதுசான்னு எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி வாசலுக்குப் போனார். ரோஜாவை யாரும் கூப்பிடவில்லை. கதவு திறந்தது. ரோஜா வந்து நடு வீட்டில் நின்று, தாவணியை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றித் தோளை இறக்கினாள். ஆஸ்பத்திரியில் பழகிய பழக்கம். சொல்லாமலே வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றாள். லட்சுமிகாந்தம் கிட்டே வந்தாள், விரல் நுனியால் தொட்டாள், பிறகு அழுதுவிட்டாள்.

"பழசுதாங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். "ரொம்பப் பழசு."

அதன் பிறகு எல்லாமே சுலபமாக நடந்தது. அண்ணாச்சி ஃபாரத்தை எடுத்துப் பதினெட்டாவது பதிலை அடித்துத் திருத்தினார். வருடம் கேட்டார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார், எழுதினார். சாவியை அங்கேயே எடுத்துக் கொடுத்தார், அட்வான்ஸ் வேண்டாம் என்றார். ஆட்டோ ஏறும்போது லட்சுமிகாந்தம் செல்வலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கவலைப்படாத. எங்க தெருவுல நாலு பேருகிட்ட இப்பயே சொல்லி வச்சிருதேன். பிள்ளைய யாரும் முறைச்சுப் பார்க்கக் கூடாதுல்லா? பள்ளிக்கூடத்துலயும் டீச்சர் ஒருத்தி எனக்குச் சொந்தம்தான்."

"வேண்டாங்க்கா" என்றாள் செல்வலட்சுமி. "யாருகிட்டயும் வேண்டாம்."

"அட, இதுல என்ன இருக்கு!"

ஆட்டோ போய்விட்டது. உள்ளே ரோஜா பட்டன்களைப் போட்டு முடித்திருந்தாள்.

"நான் வரலைம்மா."

"அவுக சொல்ல மாட்டாக தாயி. நான் வேண்டாம்னுட்டேன்ல."

"நீயும்தான் சொல்ல மாட்டேன்னே."

செல்வலட்சுமி சாவியை ஆணியில் மாட்டினாள். எட்டு நாள் கழித்து, வைகாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மாடியைக் கூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு விருதுநகருக்குத் தனியாகப் பஸ் ஏறினாள். கூட்டுவதற்கு மட்டும் போகவில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருதரம் நடக்க வேண்டும், யாரும் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும், அதை அப்படியே கொண்டுபோய் மகளிடம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அட்மிஷனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

பாதித் தெரு வரை யாரும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு நாய் தூங்கியது. அவளுக்கு நெஞ்சில் லேசாக ஒரு காற்று வந்தது. குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குடத்தை மறுபடி இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி மாடிக்கு வாரது நீங்கதானா? வெடியில கருகுன பிள்ளைக்கு அம்மா?" குரலில் அத்தனை பிரியம் இருந்தது. "பிள்ளையக் கூட்டிட்டு வரலையா? நேத்துக்கூட அதப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம். எங்க வீட்டுச் சின்னவளும் அதே பள்ளிக்கூடந்தான். நல்லாப் பார்த்துக்கணும்னு சொல்லியிருக்கேன்."

மாடிக்கு அவள் ஏறவே இல்லை. சாவியை லட்சுமிகாந்தத்திடம் நீட்டினாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, அட்வான்சுகூட வேண்டாம்னுதான அவுக சொன்னாக? எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன்!" அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். செல்வலட்சுமிக்கு அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "அங்கன ஒருத்தருக்கும் தெரியல தாயி, சாவியத்தான் தொலைச்சுட்டேன்." "அங்கன ஒருத்தருக்கும் தெரியல, நமக்கு அந்த வீடு சரிப்படாது." திருத்தங்கல் தாண்டும்போது அது கொஞ்சம் உண்மைபோலக்கூட இருந்தது. வேறு தெரு பார்க்கலாம், வேறு ஊர். அங்கேயும் ஒரு வீட்டுக்காரர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை வந்து விசாரிப்பார்.

வீட்டு வாசலில் ரோஜா முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவி இல்லாத தாயின் வெறுங்கையைப் பார்த்தாள்.

"கேட்டாகளா?"

தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய்வரை வந்தது.

"கேட்டாக" என்றாள் செல்வலட்சுமி.

ரோஜா தலையாட்டினாள். முறத்தில் கிடந்த அரிசியை ஒருதரம் புடைத்து, கல்லைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.