தண்ணீர் எண்ணும் ஓட்டு

“இனிமே இந்த ஏரி என்னைக் கேட்டுத்தான் வரும், என்னைக் கேட்டுத்தான் போகும்.”

மேயர் அல்பின் இதைச் சொன்னபோது ஏரியின் நட்டநடு அடியில் நின்றுகொண்டிருந்தார். காலில் பளபளக்கும் தோல் காலணி, தலையில் இறகு செருகிய பச்சை வேட்டைத் தொப்பி. சுற்றிலும் அறுத்த புல்லின் தாள், காய்ந்த சாணம், எங்கள் கட்சியின் ஒன்பது உறுப்பினர்கள், தலைவர் ஹெர்மினா அத்தை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாததால், ஏரி இந்தத் தடவை உண்மையிலேயே அவரிடம் விடுப்பு வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறதோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

எங்கள் ஏரி வருடத்தில் பாதி நாள் ஏரி, பாதி நாள் புல்வெளி. கோடை தொடங்கினால் தரையிலுள்ள குழிகள் வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும். இலையுதிர்கால மழைக்குப் பிறகு அதே குழிகள் வழியாக ஏறி வரும். எந்த நாள், எந்த நேரம் என்று இதுவரை யாரிடமும் சொல்லிவிட்டு வந்ததில்லை. ஸ்லோவேனியாவில் எத்தனையோ கட்சிகள். எங்களுடையது ‘வந்துபோகும் ஏரிக் கட்சி’. மேயர் பதவிக்கு நாங்கள் ஒருநாளும் ஆள் நிறுத்துவதில்லை. நிற்கிறவர்களில் யாரை ஆதரிப்பது என்று முடிவு செய்வோம், அவ்வளவுதான். எங்கள் சொல்லைக் கேட்டு ஓட்டுப்போடும் குடும்பங்கள் நூறுகூடத் தேறாது. ஆனால் இந்த முறை முதல் சுற்றில் அல்பினுக்கும் மாட்டு வைத்தியர் நெஷாவுக்கும் இடையில் நாற்பது ஓட்டுதான் வித்தியாசம். இரண்டாம் சுற்றில் நாங்கள் கை காட்டுகிறவர்தான் மேயர். ஆகவே ஒன்பது பேரும் திடீரென்று பெரிய மனிதர்களாகியிருந்தோம். லோய்ஸெ அண்ணன் சவரம்கூடச் செய்துகொண்டு வந்திருந்தார்.

நாங்கள் முடிவெடுக்கும் முறை இது. முரசன் என்னும் பெரிய குழிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பம் நடுவோம், வேட்பாளருக்கு ஒன்று. ஒவ்வொரு உறுப்பினரும் தன் மரப்படகைக் காய்ந்த தரைமேல் இழுத்து வந்து, தனக்குப் பிடித்தவரின் கம்பத்தில் கட்டவேண்டும். ஒரு படகு, ஒரு ஓட்டு. மனதை மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் படகு ஒரு பசு மாட்டின் கனம் இருக்கும். அதனால் எங்கள் கட்சியில் கொள்கை உறுதி கொஞ்சம் அதிகம்.

இத்தோடு முடியவில்லை. கம்பத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு இருக்கும். தண்ணீர் வந்து அந்த வெட்டைத் தொடும்போது எந்தப் படகுகள் மிதக்கின்றனவோ அவை மட்டும்தான் ஓட்டு. தன் படகையே மிதக்க வைக்காதவனுக்கு ஊரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது கட்சியின் தத்துவம். தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் தண்ணீர் வராவிட்டால், கிடக்கிற படகுகளைக் கிடக்கிறபடியே எண்ணிவிடுவோம். நான் லுப்லியானாவில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். இதைவிடக் குறைந்த ஊழலுள்ள முறை எதுவும் இன்னும் பாடத்தில் வரவில்லை.

“குழியை என்ன பண்ணப் போறீங்க மேயர்?” என்று லோய்ஸெ அண்ணன் கேட்டார்.

“கான்கிரீட். எல்லாக் குழிக்கும் மூடி, நடுவுல ஒரு மதகு. சாவியை இந்தப் பக்கம் திருப்புனா தண்ணி நிக்கும், அந்தப் பக்கம் திருப்புனா போகும். வருஷம் பூரா ஏரி! கரையில ஹோட்டல். கால்ல மிதிச்சு ஓட்டுற அன்னப்பறவைப் படகு. உன் மருமகன் ஆஸ்திரியாவுக்குப் போய்த் தட்டு கழுவ வேண்டாம் லோய்ஸெ, இங்கேயே கழுவலாம்.”

லோய்ஸெ அண்ணனின் கண் கலங்கிவிட்டது.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையின் பசுக்கள் குளிர்காலம் முழுக்கத் தின்பது ஏரி வற்றிய பிறகு இந்த அடித்தரையில் அறுக்கும் புல்லைத்தான். ஏரி வற்றாமல் நின்றுவிட்டால் புல் கிடையாது. பசுக்களை விற்றுவிட்டு அன்னப்பறவையை மிதிக்கவேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தலைவருக்கு ஓட்டு இல்லை, பேச்சும் இல்லை. எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை வாய் தவறினால் அந்தப் பக்கத்துப் படகெல்லாம் செல்லாது.

“காத்து சில்லுன்னு இருக்கு,” என்றாள் அத்தை. வானிலை பற்றிப் பேச விதியில் தடையில்லை.

அடுத்து நெஷா பேசினார். “எனக்குப் பேச வராதுங்க. மாட்டோடதான் பழக்கம், அது திருப்பிக் கேக்காது. ஏரியில இருக்கற குழி அப்படியே இருக்கட்டும். ரோட்டுல இருக்கற குழியை அடைக்கிறேன்.” அவ்வளவுதான். கைதட்டலாமா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள், எங்கோ ஒரு பசு கன்று ஈனுகிறது என்று போன் வந்து வண்டியேறிப் போய்விட்டார்.

லோய்ஸெ அண்ணன் தார் டப்பாவை எடுத்தார். கோடை முழுக்க வெயிலில் கிடந்த படகின் பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும்; இடுக்கில் தார் பூசாமல் மிதக்காது.

“அதை ஏன் எடுக்கறே?” என்றார் மேயர். போனை நீட்டினார். “நீரியல் நிபுணர், டாக்டர் பட்டம் வாங்குனவர், எழுதியே குடுத்திருக்கார். மலையில பெய்யிற மழையைத் தரை உறிஞ்சிட்டு இருக்கு. அடுத்த வாரத்துக்கு முன்னாடி ஒரு சொட்டு வராது. வெள்ளிக்கிழமை காஞ்ச தரையிலதான் எண்ணப்போறீங்க. கையை நாறடிச்சுக்காதே.”

பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஆமா, தண்ணி வந்தா எல்லாரும் தொப்பியைக் கழட்டி ‘வாங்க’ன்னு சொல்லுவீங்களாமே? வீட்டுல குழாயைத் திறந்தாலும் சொல்லுவீங்களா? குளிக்கறதுக்குள்ள வாய் வலிச்சிடாது?” என்றார்.

சிரித்தோம். நானும்தான். நல்ல நகைச்சுவையைக் கட்சி பார்த்து ரசிக்க முடியாது.

சாயங்காலத்துக்குள் படகுகள் இழுபட்டுவிட்டன. மேயர் கம்பத்தில் ஐந்து, நெஷா கம்பத்தில் நான்கு. பிரிமோஷ் மாமா மேயர் பக்கம் கட்டினார். மகளுக்கு ஹோட்டலில் வேலை என்று பேச்சு. கட்டிவிட்டு உட்கார்ந்து இடுக்கு இடுக்காகத் தார் பூச ஆரம்பித்தார்.

“என்ன மாமா, மேயர்தான் தண்ணி வராதுன்னுட்டாரே?”

“அவருக்கு ஓட்டுப் போடுறேன்டா யூரே. அவரை நம்புறேன்னு எப்போ சொன்னேன்?”

என் படகு நெஷா பக்கம். தாருக்குப் பதில் என் அறைத்தோழன் குளியலறையில் பூசி மிச்சம் வைத்திருந்த சிலிக்கான் பசையைப் பூசினேன். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் தாரா என்று மாமாவிடம் கேட்டும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லோரும் மறுபடி ஏரி அடியில் கூடினோம். தரை காய்ந்தே கிடந்தது. மலைப்பக்கம் மட்டும் மூன்று நாளாகக் கறுத்திருந்தது. ஊரில் வெறும் தூறல், அதுவும் நின்றுவிட்டது. நெஷாவும் வந்திருந்தார், இன்னொரு பசு கன்று ஈன்ற வீட்டிலிருந்து நேராக, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல். சூரியன் மலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. மேயர் முன்கூட்டியே நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். அத்தை கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஐந்து படகையும் நான்கு படகையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் ஐந்து ஐந்தாகவே இருந்தது.

“...இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நாளில்,” என்றார் மேயர். அப்போது அத்தையின் சால்வை நுனி எழும்பியது.

காற்று வானத்திலிருந்து வரவில்லை, முரசனிலிருந்து வந்தது. குழிக்குள்ளிருந்து யாரோ நீண்ட மூச்சு விடுவதுபோல. ஈர மண்ணும் குளிர்ந்த கல்லும் கலந்த வாடை. அதைத் தொடர்ந்து முரசு. காலணி வழியாகத்தான் முதலில் அது கேட்டது, காதுக்கு அப்புறம்தான். தரைக்கு அடியில், எங்கோ வெகு தூரத்தில், கல்லைத் தண்ணீர் அறைகிற சத்தம். மெதுவாக, ஒரே சீராக, எங்களை நோக்கி வருகிற சத்தம்.

 மேயரின் நன்றியுரை ‘நான்’ என்பதன் ‘நா’வில் நின்றது.

வெள்ளம் என்றால் சேறும் சத்தமும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எங்கள் ஏரியைப் பார்த்ததில்லை. தண்ணீர் முரசனின் விளிம்புக்கு வந்து கொஞ்ச நேரம் உள்ளே வரலாமா என்று யோசிப்பதுபோல நின்றது. பின்பு வழிந்தது. அவ்வளவு தெளிவு. அறுத்த தாள்கள் தண்ணீருக்குள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்றன. வெட்டுக்கிளிகள் புல் நுனிக்கு ஏறின, அங்கிருந்து எங்கள் கால்சட்டைக்கு. தூரத்தில் இன்னொரு குழி வாய் திறந்தது, அதற்கப்பால் இன்னொன்று. புல்வெளியில் துண்டு துண்டாக வானம் முளைத்தது. துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு மீன், பூமிக்குள் எந்த இருட்டில் கோடையைக் கழித்ததோ, என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். இருந்தும் அந்த மீன் மறையும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். அத்தை முதலில் சொன்னாள், “வாங்க.” மற்றவர்களும் சொன்னார்கள். மேயரின் தொப்பி மட்டும் தலையிலேயே இருந்தது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் லோய்ஸெ அண்ணனுக்கு நினைவு வந்தது. தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் படகை நோக்கி ஓடினார்.

“நனைஞ்ச படகுல கை வைக்கக் கூடாது!” அத்தையின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. விதியைச் சொல்லத் தலைவருக்கு உரிமை உண்டு.

“ஹெர்மினா, இது என் படகு!”

“இப்போ அது ஓட்டு. தள்ளி நில்லு லோய்ஸெ.”

அவர் தள்ளி நின்றார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. ஒருபக்கம் கம்பத்தின் வெட்டு, இன்னொரு பக்கம் மலையைத் தொடப்போகும் சூரியன். இரண்டையும் பார்க்கக் கழுத்து போதவில்லை. லோய்ஸெ அண்ணனின் படகுக்குள் தண்ணீர் இடுக்குகள் வழியே அமைதியாகக் குடியேறியது. படகு ஒருமுறை அசைந்தது, பிறகு அடியிலேயே படுத்துவிட்டது. நிபுணரை நம்பிய மற்ற இரண்டும் அப்படியே. தெளிந்த நீருக்கடியில் மூன்றும் தூங்குகிற மாடுகள்போலத் தெரிந்தன. பிரிமோஷ் மாமாவின் படகு எழுந்தது. ரோக் என்ற சோம்பேறியின் படகும் எழுந்தது, ஊருக்கே ஆச்சரியம். அவன் தார் பூசவும் இல்லை, போன வருடத்துப் புல்லை உள்ளிருந்து வழித்துப் போடவும் இல்லை. அந்தப் புல்லே ஊறி இடுக்கை அடைத்துக்கொண்டது.

நெஷா பக்கத்தில் நான்கும் எழுந்தன. என் படகுதான் முதலில் எழுந்தது. பெருமையாக மாமாவைப் பார்த்தேன். மாமா என் படகைப் பார்த்தார். சிலிக்கான் வெள்ளை நாடாவாக உரிந்து, ஒரு பாம்பைப்போல நெளிந்து நெளிந்து வெளியே நீந்திப் போனது. என் படகு மரியாதையாகக் கீழே போய்விட்டது.

“இருபத்தொன்றாம் நூற்றாண்டு,” என்றார் மாமா.

மூன்றுக்கு இரண்டு. ஆனால் வெட்டுக்கு இன்னும் இரண்டு விரல் பாக்கி. சூரியனின் அடி மலையில் பட்டுவிட்டது.

“மறைஞ்சாச்சு!” என்று மேயர் கத்தினார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. “சூரியன் மறைஞ்சாச்சு! கிடக்கிறபடி எண்ணுங்க! அஞ்சு, நாலு!”

அத்தை மேற்கே திரும்பினாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். மறைந்ததா என்று தகராறு வந்தால், கிளப்பியவரின் பக்கத்து உறுப்பினர்தான் சொல்லவேண்டும்; எதிர்ப்பக்கத்தில் நிற்கும் எங்கள் சொல் செல்லாது. அவள் சொன்னால் பக்கம் சேர்ந்ததாகிவிடும். ரோக் தரையைப் பார்த்தான், அதாவது தண்ணீரை. லோய்ஸெ அண்ணன் மேயரைப் பார்த்தார். யாரும் மறுக்காவிட்டால் மேயர் சொன்னதே நிற்கும், பசுக்கள் போயின.

பிரிமோஷ் மாமா கையைப் புருவத்தில் வைத்து மேற்கே பார்த்தார். மகளின் வேலை அந்த ஹோட்டலில்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னும் கண்ணு கூசுது மேயர். கூசுற வரைக்கும் அது சூரியன்தான்.”

எல்லோரும் மேற்கே திரும்பினோம். கண் கூசக் கூச நின்றோம். முரசன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு சிற்றலை வந்து வெட்டை நனைத்தது, பின்வாங்கியது, திரும்ப வந்து அங்கேயே தங்கிவிட்டது. மலைமேல் அப்போதும் ஒரு நகக்கீற்று வெளிச்சம் இருந்தது.

“கட்சியோட ஆதரவு நெஷாவுக்கு,” என்றாள் அத்தை. “மூணு, ரெண்டு.”  சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காத்து,” என்றாள்.

நெஷா, பிரிமோஷ் மாமாவிடம் போனார். “உங்க பொண்ணு மாட்டைக் கண்டா பயப்படுவாளா?”

“என்னைக் கண்டே பயப்பட மாட்டா.”

“திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. நான் மேயராயிட்டா வைத்தியசாலையில ஆள் வேணும். ஆகலைன்னாலும் வேணும்.”

கரையில் யாரோ பிளம் சாராயத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அங்கே போனார்கள், தோற்றவர்களும்தான். லோய்ஸெ அண்ணன் முன்னால் போனார். நான் மட்டும் என் படகின் கயிறு எந்த முடிச்சில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு பின்தங்கினேன்.

மேயர் கம்பத்தருகிலேயே நின்றார். போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அவர் முன்னால் காலையில் புல்வெளியாக இருந்தது இப்போது மலைவரைக்கும் வானமாக இருந்தது, அதன்மேல் ஒரு வாத்துக்கூட்டம் சத்தமில்லாமல் இறங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு இருபுறமும் பார்த்தார். குனிந்து நின்ற என்னை அவர் கவனிக்கவில்லை.

தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். உதடு ஒருமுறை அசைந்தது. தலையில் இருந்த நாலு முடியையும் காற்று கிளப்பிவிட்டது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.