ஆறே முக்கால் புள்ளி

எனக்குச் சட்டென்று கோபம் வரும். விமான நிலையத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களைக் கேட்டால், "சட்டென்று" என்பதை அடித்துவிட்டு "எப்போதும்" என்று எழுதச் சொல்வார்கள். இருபது வருடம் அந்தப் பழைய ரேடாரோடு மாரடித்தவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

ரேடாரில் இரண்டு வகை. ஒன்று விமானத்தைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும், விமானத்தில் உள்ள கருவி பதில் சொன்னால் திரையில் பெயர் போடும். இன்னொன்று யாரையும் எதுவும் கேட்காது. அலையை அனுப்பும், அது எதன் மீதாவது பட்டுத் திரும்பி வந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். வாயே திறக்காத விமானம்கூட இதன் கண்ணுக்குத் தப்பாது. என் பொறுப்பில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

கண் நல்ல கண்தான், உடம்புதான் தேறாது. மழை பெய்தால் மக்கர், வெயிலடித்தால் மக்கர். அதன் உள்ளே அலையை உண்டாக்கும் பெரிய வால்வை இப்போது யாரும் செய்வதில்லை. மூடிப்போன இன்னொரு நிலையத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவற்றில் கடைசி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் கடிதம் எழுதி, மேலே இருப்பவர்களின் உயிரை வாங்கி, ஒருவழியாகப் புதுசை வரவழைத்தேன்.

பழசிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. தினமும் காலை ஆறே முக்காலுக்குத் தென்கிழக்கே, ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு புள்ளி காட்டும். அரை மணி நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும், பிறகு காணாமல் போகும். அந்த நேரத்தில் அங்கே விமானம் எதுவும் கிடையாது. முதலில் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். அப்புறம் சலித்துப்போய்ப் பதிவேட்டில், "பொய் எதிரொலி. காரணம்: கருவியின் வயது" என்று எழுத ஆரம்பித்தேன். பதினொரு வருடமாக அதே வரி. நடுவில் ஒருமுறை மூன்று வாரம் புள்ளி வரவில்லை. அது நின்ற வாரம்தான் நான் வால்வு மாற்றியிருந்தேன். புள்ளியை ஒழித்ததற்காகப் பாராட்டுக் கடிதமே கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். புள்ளி திரும்பி வந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை, நானும்தான்.

புது ரேடாரை நிறுவ வந்த நிறுவனத்தின் பொறியாளருக்கு என் வயதுதான் இருக்கும். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்" என்பார். எங்கள் அறையில் அவர் பெயரே பாத்துக்கலாம் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புதுசை ஏற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: திரையில் விளக்கம் இல்லாத புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டு நாலு மாதம் கழித்துத்தான் வருவார்கள். பழைய வால்வு நாலு மாதம் தாங்காது.

எல்லா அமைப்பும் முடிந்து புதுசு முழுக்கண் திறந்தது வியாழக்கிழமை காலையில்தான். ஆறே முக்காலுக்கு, தென்கிழக்கே, ஆறு கிலோமீட்டரில், பளிச்சென்று அதே புள்ளி.

"பறவைக் கூட்டம் மேடம். எண்பது மீட்டர் உயரம்னு காட்டுது," என்றார் பாத்துக்கலாம்.

"பறவைக்கு என்ன வாட்சா கட்டியிருக்கு, தெனம் ஆறே முக்காலுக்கு வர?"

"அப்ப அந்த எடத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு போட்டுடலாம். ஒரு பட்டன்தான். திரை சுத்தமாயிடும்."

"ஆறு வருஷம் அலைஞ்சு கண்ணு வாங்கியிருக்கேன். மொத நாளே அதுல துணி கட்டச் சொல்றீங்களா? ஜீப்ப எடுங்க."

திரையைப் பார்த்து வழி சொல்ல ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவர் ஃபோனில் "இன்னும் கொஞ்சம் முன்னாடி, எடது பக்கம்" என்று சொல்லச் சொல்ல, தெருக்கள் எனக்குத் தெரிந்த தெருக்களாக மாறிக்கொண்டே வந்தன. "இங்கதான், நேரா ஒங்க தலைக்கு மேல" என்றபோது ஜீப் நின்றது என் நாத்தனார் வீட்டு வாசலில்.

நாத்தனார் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை எடுத்தாள். "அண்ணி," என்றாள். மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் மாடிப்படி ஏறினேன். அங்கே ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் சிவப்புத் துணி, அதைச் சுழற்றி விசிலடித்தபடி, ஓட்டைப் பனியனோடு என் கணவர். ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும் கடைக்காரர், எனக்கு ஒன்று மாட்டிவிடாமல் போனார். வானத்தில் முப்பத்திரண்டு புறாக்கள். பிறகுதான் எண்ணினேன்.

முன்பு இவர் எங்கள் வீட்டு மாடியில்தான் புறா வளர்த்தார். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இழுப்பு வந்தது. இறகுத் தூசி ஆகாது என்றார் மருத்துவர். புறாக்களா நானா என்று ஒரே வார்த்தைதான் கேட்டேன். மறுநாளே மாடி காலியாகிவிட்டது. இப்படியொரு மனுஷர் கிடைப்பாரா என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். அந்த வாரம்தான் இவர் காலையில் வாக்கிங் போக ஆரம்பித்தார். பதினொரு வருட வாக்கிங்கில் தொப்பை ஒரு அங்குலம் குறையவில்லை. உடம்பு வாகு அப்படி என்று நினைத்திருந்தேன்.

கம்பு அப்படியே நின்றது. திருதிருவென்று விழித்தார்.

"வித்துட்டேன்னு சொன்னீங்க."

"வீட்ல ஒரு எறகு இருக்காதுன்னுதான் சொன்னேன். இருந்துச்சா?"

நியாயம் எதிராளி பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். புள்ளி வராமல் போன வருடத்தையும் மாதத்தையும் சொல்லி, "அப்ப மூணு வாரம் ஏன் பறக்கல?" என்று கேட்டேன்.

யோசித்தார். "கணுக்கால் சுளுக்கிப் படுத்திருந்தேனே. நீதான ஒத்தடம் குடுத்த."

கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய பாராட்டுக் கடிதம் கண் முன்னால் வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. என்னிடம் பதினொரு வருடம் மறைத்தாரே என்று வலித்தது. மறைக்கும்படி நான் இருந்தேனே என்று அதைவிட வலித்தது.

"ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

படியில் நின்ற பாத்துக்கலாம் தொண்டையைச் செருமினார். "பட்டன் அப்படியேதான் இருக்கு மேடம். யாருக்கும் தெரியாது."

இப்போது அந்தப் பட்டன் எனக்கு நிஜமாகவே இனித்தது. அழுத்தினால் புறாக்களும் தப்பும், என் மானமும் தப்பும். ஆனால் அந்த மறைப்புக்குள் நாளைக்கு வாய் திறக்காத விமானம் ஒன்று வந்தால்? கணவர் என் முகத்தைப் பார்த்தார். "இதுங்கள எடுக்கச் சொல்லுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னாலும் சொல்லுவாங்க. நான் எழுதித்தான் ஆகணும்."

தலையாட்டினார். புறாக்களை இறக்கக் கம்பைத் தாழ்த்தினார்.

வெள்ளிக்கிழமை காலை என் அறிக்கையைத் தலைமை அதிகாரி இரண்டு முறை படித்தார். "புறாக்களின் உரிமையாளர்: என் கணவர்" என்ற வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் என் கணவர் கடைக் கண்ணாடிதான். "பதினொரு வருஷமாவா?" என்றார். "பதினொரு வருஷமாத்தான் சார்," என்றேன். பறவை அபாயப் பிரிவைக் கூப்பிட்டார்கள், வரைபடத்தை விரித்தார்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாடி விமானங்கள் இறங்கும் பாதைக்கு நன்றாகவே விலகியிருந்தது. கடைசியில், தினமும் எங்கள் அறைக்கு ஃபோன் செய்து அனுமதி வாங்கிப் பறக்கவிடலாம், இறக்கு என்றால் உடனே இறக்க வேண்டும் என்று முடிவானது. பதினொன்றே முக்காலுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

பழசை அணைத்தேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆன்டெனா மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: "பதினொரு வருடப் பதிவுகளுக்கும் திருத்தம். எதிரொலி உண்மையானது. கருவி ஒருநாளும் பொய் சொல்லவில்லை." எத்தனை திட்டியிருப்பேன் அதை. மனசு கேட்காமல் அதன் இரும்புக் கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஆறு நாற்பத்து மூன்றுக்கு ஃபோன் அடித்தது.

"மேடம், முப்பத்திரண்டு பேர் பொறப்படத் தயார்," என்றார் கணவர், மிகவும் பவ்யமாக.

புதுத் திரையைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு புள்ளிகூட இல்லை.

"காத்திருங்க," என்று சொல்லி இரண்டு நிமிடம் நிற்க வைத்தேன். பிறகு அனுமதி கொடுத்தேன்.