வீட்டுக்குப் போகும் தூக்குவாளி

தாணுமாலயன் பகலில் சாயாக்கடையைப் பூட்டினார் என்றால் ஒன்று சாவு, இல்லை கல்யாணம். அன்றைக்கு இரண்டும் இல்லை. தனுவச்சபுரத்தில் மகள் அனகா படிக்கிற கல்லூரியில் கண்காட்சி. பாறசாலையிலிருந்து மனுசன் வெள்ளை வேட்டியோடு பஸ் ஏறினார். மகளின் பரிசோதனைக்கு வெந்நீர் தன் கடை பாய்லரிலிருந்துதான் போனது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம், அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெருமை அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

அனகாவின் மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டின் வாயிலும் ஒவ்வொரு வெங்காயம், வேர்கள் தண்ணீருக்குள். பக்கத்தில் இரண்டு மைக்ராஸ்கோப். முன்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரும் அடி நசுங்கிய ஒரு ஸ்டீல் தூக்குவாளியும் இருந்தன. நசுங்கலைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தினமும் நாலு மணிக்கு வீட்டுக்குச் சாயா போகிற வாளி அது.

அனகா விளக்கினாள். ஒரே கொதிநீரில் பாதியைக் கவரிலும் பாதியைத் தூக்குவாளியிலும் பிடித்து, ஆறவைத்து, வெங்காயத்தை வேர்விட வைத்திருக்கிறாள். சூடு பட்டால் கவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். வேர் நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால்தான் வேர் நீளும்; கவர்த் தண்ணீரில் அப்படிப் பிரிகிற செல்கள் குறைந்துபோயிருந்தன. இது வெங்காயத்தில் பார்த்தது, மனித உடம்பில் எவ்வளவு கெடுதல் என்று இன்னும் உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாள்.

தாணுமாலயன் குனிந்து மைக்ராஸ்கோப் இரண்டிலும் பார்த்தார். தூக்குவாளித் தண்ணீர் வேரில் நூல் நூலாக எதுவோ இரண்டு பக்கமும் விலகி நின்றது. கவர்த் தண்ணீர் வேரில் பெரும்பாலும் வட்டப் பொட்டுகள், சும்மா கிடந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கே வித்தியாசம் தெரிந்தது.

நிமிர்ந்தால் எதிரே புஷ்பபாய். தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலையில் மண் வெட்டுகிற எட்டுப் பெண்களுக்கு பதினொரு வருசமாக அவர் கடையில் கவரில் கட்டின சாயா வாங்கிப்போகிறவள். அவள் மகள் பிரசீதாவும் இதே கல்லூரிதான். அவளும் இரண்டையும் பார்த்தாள். பிறகு தூக்குவாளியைத் தொட்டாள்.

"இது ஆருக்க வாளி மக்கா?"

"எங்க வீட்டுக்கு உள்ளதாக்கும் மாமி. அப்பா எனக்குச் சாயா கவர்ல தரவே மாட்டாரு, சின்னதுலயே அப்படித்தான்."

பிள்ளை பெருமையாகத்தான் சொன்னாள். புஷ்பபாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "வாறேன் தாணு அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்குக் காது மடல்வரை எரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. செல், துணுக்கு எல்லாம் தெரியாதுதான். ஆனால் கொதிக்கிற சாயாவை ஊற்றும்போது கவர் குழைந்து ஒரு நாற்றம் வருமே, அது பிள்ளைக்கு ஆகாது என்று அவர் மூக்கு முதல்நாளே சொல்லியிருந்தது. அதனால்தான் மனைவி ஸ்ரீகுமாரியிடம் சொல்லித் தூக்குவாளி வாங்கச் செய்தார். பிளாஸ்டிக் சோதனைக்குப் பஞ்சாயத்து ஆட்கள் வந்தால் கவர்க் கட்டைப் பலகைக்கடியில் தள்ளவும் தெரிந்திருந்தது. மழை நாளில் வேலை பாதியில் நின்றால் மிச்சச் சாயாவைப் புஷ்பபாய் அதே கவரோடு பிரசீதாவுக்குக் கொண்டுபோவாள், அதுவும் தெரியும். தன்னை நினைக்கவே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

மறுநாள் புஷ்பபாய் வரமாட்டாள் என்று நினைத்தார். பத்தரைக்கு வந்து நின்றாள், வெறுங்கையோடு. எட்டுச் சாயா கொள்ளுகிற பாத்திரம் வீட்டில் இல்லை, சந்தையில்தான் வாங்கவேண்டும், இன்றைக்கு மட்டும் கவரிலேயே கட்டச் சொன்னாள்.

அவர் வீட்டுத் தூக்குவாளியைக் கழுவி, நிரப்பி, மூடியை அழுத்தி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. நசுங்கின அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ உங்க பிள்ளைக்கு எதுல கொண்டு போவிய, அண்ணே?"

குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். பதினொரு வருசத்தில் பிரசீதா எதில் குடிக்கிறாள் என்று தெரிந்தும், இப்படி ஒரு கேள்வி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.