செக்ஷன் இல்லாத முதல் பக்கம்

ஒரு போன் எண்ணின் பதிவைக் கேட்டு இலங்கைக்கு அனுப்பிய கடிதம் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. கொழும்பிலிருந்து டெல்லி, அங்கிருந்து சென்னை, பிறகு ராமநாதபுரம். வந்த வழியில் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு முத்திரை குத்தியிருந்தது. காரணம் ஒரே வரி: 'கூறப்படும் செயல் இரு நாடுகளிலும் குற்றம் என்பது தெளிவாகவில்லை.' சப்-இன்ஸ்பெக்டர் நாகலெட்சுமிக்கு இதுதான் புரியவில்லை. மண்டபத்தில் ஒரு படகிலிருந்த பீடி இலை மூட்டைக்குள் நாற்பது டெட்டனேட்டர்கள் கிடைத்தன. அந்த நாட்டில் இது குற்றமில்லையா? முதல் முறை கடிதத்தில் ஏழு சட்டப் பிரிவுகளை எழுதியிருந்தாள். திரும்பி வந்ததும் பதினொன்றாக்கி, ஒவ்வொன்றின் வாசகத்தையும் முழுதாகச் சேர்த்தாள். அதுவும் திரும்பிவிட்டது.

பக்கத்து மேஜை வினோத்குமார் வேறொரு வழக்குக்கு அனுப்பிய கடிதத்துக்கோ எழுபதே நாளில் பதில். இருவரும் ஒரே பேட்ச். பயிற்சியில் சட்டப் பாடத்தில் அவள் முதலிடம், அவன் இரண்டாம் முறை எழுதித் தேறியவன். போன வாரம் டி.எஸ்.பி. எல்லோர் முன்னாலும் அவன் தோளில் தட்டினார். அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்குக் கொழும்பில் ஒரு போலீஸ் அதிகாரி பழக்கம். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு எண் யாருடையது என்று சொல்லிவிடுவார். ஆனால் அப்படி வருவது துப்புதான். கோர்ட்டில் நிற்காது. இரு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி, இங்குள்ள கோர்ட் கேட்டு, டெல்லி அனுப்பி, அங்குள்ளவர்கள் முறைப்படி தேடிக் கையெழுத்திட்டுத் தரும் காகிதம்தான் சாட்சி. சிபாரிசு நுழைய அந்த வழியில் சந்தே கிடையாது. இதெல்லாம் தெரிந்தும், அவன் எப்படியோ நுழைந்திருக்கிறான் என்றே அவள் நம்பினாள். அப்படி நம்புவது சௌகரியமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஃபஸீலா வந்தாள். படகை ஓட்டிய ஹமீது சுல்தானின் மனைவி. கணவன் உள்ளே போய் ஐந்து மாதம். வழக்கு, பயங்கரவாதத்துக்கு எதிரான உபா சட்டத்தில். ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. படகில் கிடைத்த போனின் இலங்கை சிம்மில் பேசியது அவள் கணவனா, படகு முதலாளியா என்பதைக் கொழும்பிலிருந்து வர வேண்டிய பதிவுதான் சொல்லும். குற்றப்பத்திரிகைக்கு இன்னும் இருபத்தாறு நாள்; பதிவு அதற்குப் பிறகு வந்தால் கூடுதல் குற்றப்பத்திரிகையில்தான் சேர்க்க முடியும்.

"அந்தக் காயிதம் வந்துருச்சா மேடம்?"

"வரும்மா. கேட்டுருக்கோம்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. அந்தப் போனு மொதலாளி குடுத்தது. எங்க மாப்புளைக்கி படகு ஓட்டவும் மூட்டையத் தூக்கவுந்தான் தெரியும்." எழுந்தவள் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். "அந்த சாரு கேட்டா ஒடனே வருதாமுல்ல? அவுகட்டயே குடுத்துருங்களேன்."

நாகலெட்சுமிக்குக் காது சூடேறியது.

வினோத்குமார் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பொது அலமாரியிலிருந்து அவன் கோப்பை எடுத்தாள். யார் சிபாரிசு, எந்தப் பெரிய கையெழுத்து என்று தேடினாள். எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு செக்ஷன் எண்கூட இல்லை. 'இன்ன தேதியில் இன்னார் ஒரு பெட்டியைக் கரையில் புதைத்தார். அதில் வெடிமருந்து இருந்தது. கூட்டத்தில் வெடிக்க வைக்கப் போவதாக இருவரிடம் சொன்னார்.' பிரிவுகள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்தன.

"என்னம்மா, எம் ஃபைல்ல குத்தம் கண்டுபிடிச்சாச்சா?" வாசலில் அவன்.

"தேடுனேன். கெடைக்கல." மறைக்கத் தோன்றவில்லை. "செக்ஷனெல்லாம் ஏன் முன்னால போடல?"

"எனக்கு எங்கிட்டு மனப்பாடமா இருக்கு? நடந்தத எழுதிட்டு, செக்ஷன ஸ்டேஷன் ரைட்டர்ட்டக் கேட்டுக் கடைசில சேத்தேன்." சிரித்தான். "ஒன்னைய மாதிரி டாப்பரா நான்?"

அவன் தெரிந்து செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தெரியாமல் செய்திருக்கிறான். பதினொரு பிரிவையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கக்கூடிய அவளுக்கு, தெரிந்ததே குறுக்கே நின்றிருக்கிறது. நம் சட்டத்துக்காக இன்னொரு நாடு தன் ஆட்களின் போன் பதிவைத் திறக்காது; தன் சட்டத்தில் அந்தச் செயல் குற்றமாக இருந்தால்தான் திறக்கும். நம் பிரிவு எண் அங்கே வெறும் எண்.

கோப்பை அவன் கையிலேயே கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய கடிதத்தின் முதல் பக்கத்தை முழுதாக அழித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள்: 'மண்டபம் கரையில் நின்ற படகில், பீடி இலை மூட்டைக்குள் வெடிக்க வைக்கும் கருவிகள் நாற்பது மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று படகிலிருந்த இந்த இலங்கை எண்ணில் ஒருவர் பேசினார்.'

செயலை முதலில் சொல்ல வேண்டும்; அது தங்கள் சட்டத்தில் எந்தக் குற்றம் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.