ஆற்றின் மேல் இரண்டு அரைப் பாலங்கள்

முதுகு போன பிறகு லிண்டன் ஹோஸ்கிங் தூக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த அதிகபட்ச எடை, பாதி தண்ணீர் ஊற்றிய கெட்டில். முழுக் கெட்டில் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்.

அதுவரை லிண்டன் லாரி ஓட்டினார். பர்னியில் சரக்கு ஏற்றி, மலைச்சாலை வழியாக டாஸ்மேனியாவின் மேற்குக் கரை ஊர்களில் இறக்கிவிட்டு, ஜீஹானில் இருக்கும் தன் வீட்டுக்கு வருவார். ரோஸ்பரியில் ஒரு வீட்டுப் படியில் ஃப்ரிட்ஜோடு ஏறும்போது முதுகில் ஏதோ விட்டுப்போனது. ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதை அவருக்கு ஆறுதலாகச் சொன்னார்கள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கைபேசி ஒலிக்காமல் இருந்ததுதான் அவரைப் படுத்தியது. முன்பெல்லாம் காலையிலிருந்தே கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். "லின், எங்க வந்துட்டிருக்க? பால் வருதா இல்லையா?" எரிந்து விழுவார். இப்போது கைபேசியை எடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஹோபர்ட்டிலிருந்து வந்த மகள் டீகன், தன் வீடியோ விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினாள்.

"உங்களுக்குப் பிடிக்கும்ப்பா. சாமான் கொண்டு போய்க் குடுக்கிற விளையாட்டு."

"சம்பளம் உண்டா?"

"கிடையாது."

"மழை?"

"பெய்யும். எப்பவும் பெய்யும்."

"அப்ப இது விளையாட்டு இல்லம்மா. என் பழைய வேலை."

"கதை இருக்குப்பா. உங்க வேலையில கதை இருந்துச்சா?"

லிண்டன் யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

கதை இதுதான். கடல் ஏறி வந்து நாட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டது. மிச்சமிருக்கும் ஜனங்கள் ஆளுக்கொரு மேட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கிடக்கிறார்கள். ஓர்லா என்ற சுமைதூக்கும் பெண் மட்டும் முதுகில் மூட்டையோடு மலையும் சேறும் தாண்டி ஊர் ஊராகப் போகிறாள். ஓர்லாவை நடத்திப் போவதுதான் ஆடுகிறவருடைய வேலை.

முதல் நாள் லிண்டன் ஓர்லாவைத் திட்டினார். "பாரு, கனமான பெட்டியை மேல வச்சுக் கட்டியிருக்கா. முதல் வளைவுல விழுந்துருவா." விழுந்தாள். மறுநாள் அவரே பெட்டிகளை இறக்கி வைத்துக் கட்டினார். அந்த வாரக் கடைசியில், வேலை முடிந்து வந்த மனைவி ரேலீன், பேக்கரி ஏப்ரனைக் கழற்றாமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோஃபாவில் மூன்று தலையணைக்கு நடுவில் இருந்த மனிதர், ஒரு மலைச்சரிவில் விதைநெல்லும் சலவை இயந்திரமும் சுமந்து போய்க்கொண்டிருந்தார். முகத்தில் பழைய கடுகடுப்பு திரும்பியிருந்தது. ரேலீனுக்கு நிம்மதியாக இருந்தது.

வடக்கே போகும் வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. இறங்கினபோதெல்லாம் தண்ணீர் ஓர்லாவின் காலை வாரி, பெட்டிகளைக் கடலுக்கு அனுப்பியது. லிண்டன் மூன்று நாள் அந்த ஓடையோடு மல்லுக்கட்டினார். நான்காம் நாள் போனால், ஓடையின் மேல் ஏணி ஒன்று கிடந்தது. பக்கத்தில் பெயர் மின்னியது: ஆரஞ்சுக்காரன்.

டீகன் தொலைபேசியில் விளக்கினாள். "வேற யாரோ அவங்க ஆட்டத்துல வச்ச ஏணிப்பா. உங்க ஆட்டத்துலயும் வந்து நிக்கும். பொத்தானை அழுத்தி நன்றி சொல்லலாம்."

லிண்டன் அழுத்தினார். அப்புறம் போகும் இடமெல்லாம் ஆரஞ்சுக்காரன் அவருக்கு முன்னால் போயிருந்தான். வழுக்குப் பாறையில் கயிறு கட்டியிருந்தான். சதுப்பில் பலகை போட்டிருந்தான். லிண்டன் பதிலுக்கு, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை போட்டார். ஆரஞ்சுக்காரனிடமிருந்து நன்றி வந்தது.

"விவரமான ஆளு," என்றார் ரேலீனிடம். "ஜப்பான்காரனா இருப்பான். எது எங்க வேணும்னு தெரிஞ்சு வைக்கிறான். இந்த ஊர்ல அப்படி ஒருத்தன் கிடையாது."

ரேலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அந்த ஆள் யாரென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

டீகன்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டு உடைத்தாள். "அப்பா, ஆரஞ்சுக்காரன் யாருன்னு கேக்கவே இல்லையே? எதிர்வீட்டு விம்தான். அனெக்கே ஆன்ட்டி போனப்புறம் பாவம் தனியா இருக்காரேன்னு என் பழைய பெட்டியை அவருக்குக் குடுத்தேன். உங்க ரெண்டு பேரையும் ஒரே குழுவுல சேர்த்துவிட்டேன்."

லிண்டன் ஜன்னல் திரையை விலக்கி எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சொன்ன நன்றியைத் திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாதுப்பா."

விம் டெர்ப்ஸ்ட்ரா, மனைவி அனெக்கேயை இழந்தவர், டச்சுக்காரர்; ஆரஞ்சு அவர் நாட்டு நிறம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் ஃபுட்டி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பார். குவீன்ஸ்டவுன் மைதானத்தில் புல் கிடையாது, சரளைக்கல்தான். லிண்டன் அங்கே ஆடிய ஒரு இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், லிண்டன் எதிரணிக்காரனை முதுகில் தள்ளியதாக விம் விசில் அடித்தார். ஃப்ரீ கிக். கோல். கோப்பை போனது. லிண்டன் தள்ளவில்லை என்று லிண்டன் சொன்னார். தள்ளினார் என்று மற்ற அனைவரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பல வருடமாகப் பேசவில்லை. சிறிய தெரு. பேசாமல் இருப்பதற்கு இரண்டு பேருமே நிறைய உழைக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து லிண்டன் ஆரஞ்சுக்காரனின் ஏணிகளைத் தொடவில்லை. கயிறு தொங்கும் பாறையில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே வெறுங்கையால் ஏறி விழுந்தார். ஓடையில் ஏணிக்கு அடியிலேயே இறங்கி, ஓர் ஊருக்குப் போக வேண்டிய மருந்தையெல்லாம் கடலுக்குக் கொடுத்தார்.

"அந்த ஊர் ஜனங்க உனக்கு என்ன செஞ்சாங்க?" என்றாள் ரேலீன்.

"அவங்க ஒண்ணும் செய்யல."

"அப்ப ஏணியில ஏறித் தொலையேன்."

விம்முக்கும் விஷயம் போயிருந்தது. லிண்டன் போட்ட கூரைக்குள் ஒதுங்காமல் அவருடைய ஓர்லா மழையில் நின்று இருமிக்கொண்டிருப்பதாக டீகன் சொன்னாள். ஓர்லா ஒருத்தியே இரண்டு வீட்டிலும் அவதிப்பட்டாள்.

அப்படியே கதை கடைசி வேலைக்கு வந்தது. வடக்கு முனையில் ஒரு கலங்கரை விளக்கம். அதில் திருமதி ஆஷ் என்ற கிழவி. அவள் வைத்த ஆப்பிள் மரங்கள் முதல் தடவையாகப் பூத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பகுதியில் தேனீயே இல்லை. பூ உதிர்வதற்குள் ஒரு பெட்டித் தேனீயை அவளிடம் சேர்க்க வேண்டும். பெட்டி சாய்ந்தால் தேனீ கிளம்பிவிடும். நடுவில் பெரிய ஆறு. பாலம் கட்டத்தான் வேண்டும்; அதற்கான இரும்பு ஒரு ஆளிடம் பாதிதான் இருக்கும். மீதியைக் குழுவில் இன்னொருவர் தர வேண்டும்.

லிண்டன் ஆற்றின் குறுகலான இடத்தில் பாதிப் பாலம் கட்டினார். மறுநாள் பார்த்தால், கொஞ்சம் மேலே பாறைகளுக்கு நடுவில், இன்னொரு பாதிப் பாலம் நின்றது. ஆரஞ்சுக்காரன். இரண்டுமே ஆற்றின் நடுவில் வந்து, காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன. இரண்டு பேரிடமும் இரும்பு தீர்ந்துவிட்டது. யாராவது ஒருவர் தன் பாலத்தைப் பிரித்து மற்றவருக்குக் கொடுத்தால்தான் உண்டு.

திங்கட்கிழமை குப்பைத் தொட்டி வைக்கும் நாள். லிண்டன் தொட்டியை ஒரு கையால் அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிரே விம் தன் தொட்டியோடு வந்தார். தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் லிண்டன் வானத்தைப் பார்த்தார்.

"உன் பாலம் தப்பான இடத்துல இருக்கு," என்றார் விம்.

லிண்டன் திரும்பினார். "என்னது?"

"பாலம். அங்க காத்து சுத்தி அடிக்கும். பெட்டி ஆடிரும்."

"இத்தனை வருஷம் கழிச்சு வாயைத் தொறக்கிற. இதுக்குத்தானா?"

"சொல்ற மாதிரி வேற எதுவும் நடக்கலையே."

"உன் பாலத்துக்குப் போகணும்னா செங்குத்தா ஏறணும்யா. சுமையோட எவன் ஏறுவான்?"

"நிதானமா ஏறினா ஏறலாம். உனக்கு நிதானம் எங்க இருக்கு? யார் முதுகு முன்னாடி இருந்தாலும் தள்ளு."

"நான் தள்ளல!"

"தள்ளின."

மழை வலுத்தது. இருவரும் அவரவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரு பக்கமும் நின்று கத்தினார்கள். கதவைத் திறந்து ரேலீன் எட்டிப் பார்த்தாள். "யோவ், ரெண்டு பேரும் உள்ள வந்து சண்டை போடுங்க. எனக்கும் கேக்கணும்ல."

விம் பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அதை மற்ற காலால் மறைத்துக்கொண்டு சோஃபா நுனியில் உட்கார்ந்தார். லிண்டன் டிவியைப் போட்டார். ஓர்லா ஆற்றங்கரையில் தேனீப் பெட்டியோடு நின்றாள். தூரத்தில் ஆப்பிள் தோட்டத்தில் ஒன்றிரண்டு இதழ்கள் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தன.

விம் திரையை உற்றுப் பார்த்தார். "சுமை நல்லா கட்டியிருக்க," என்றார், யாரிடமோ சொல்வதுபோல்.

"ம்."

"என்னோடது எப்பவும் இடப்பக்கம் இழுக்கும்."

"ஈரமான பெட்டி எதுன்னு பாரு. அதை நடுவுல வை."

இதற்குப் பிறகு பேச்சு சுமுகமாகப் போகும் என்று ரேலீன் நினைத்தாள். போகவில்லை. பாலம் பற்றி இருவரும் திரும்ப ஆரம்பித்தார்கள். பாலத்திலிருந்து சரளைக்கல் மைதானத்துக்குப் போனார்கள். லிண்டன் கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குள் இன்னும் இருக்கும் கல்லைக் காட்டினார். விம் அதைத் தொட்டுப் பார்த்து, கல்தான் என்று ஒப்புக்கொண்டார். ஃப்ரீ கிக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"போதும்!" என்றாள் ரேலீன். "பூ உதிருது. அந்தம்மா அங்க உக்காந்து காத்துட்டிருக்கு. நான்தான் இப்ப அம்பயர். விம் பாலம். லிண்டன், உன்னோடதைப் பிரி."

"ஏன் அவன் பாலம்?"

"அம்பயர்கிட்ட காரணம் கேக்கக் கூடாது," என்றார் விம்.

"நீ வாயை மூடு விம்," என்றாள் ரேலீன்.

லிண்டன் தன் பாலத்தைப் பிரித்தார். ஒவ்வொரு இரும்பும் கழன்று விழும்போது பல்லைக் கடித்தார். அடுத்த நாள் பகலில் விம்மின் பாலம் மறு கரையைத் தொட்டது. சுமை நன்றாகக் கட்டுகிறவர் என்பதால் பெட்டியை லிண்டன் கொண்டுபோவது என்று தீர்மானமானது. பேக்கரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரேலீன் வந்து உட்கார்ந்தாள்.

ஏற்றம் செங்குத்தாகத்தான் இருந்தது. லிண்டனின் உள்ளங்கை வேர்த்தது. "மெதுவா," என்றார் விம். "அந்தக் கல்லுல வைக்காத, உருளும். பக்கத்துல. ஆங்." பாதி வழியில் ஓர்லாவின் கால் சறுக்கியது. பெட்டி சாய்ந்து, உள்ளே ஒரு ரீங்காரம் எழுந்தது. விம் சட்டென்று லிண்டனின் தோளைப் பிடித்துக்கொண்டார், விழப்போவது இவர்தான் என்பதுபோல். ஓர்லா நிமிர்ந்தாள். ரீங்காரம் அடங்கியது. விம் கையை எடுக்க மறந்துவிட்டார்.

பாலத்தில் காற்றே இல்லை. லிண்டன் அதைக் கவனிக்காததுபோல் ஓர்லாவை நடத்திப்போனார்.

கலங்கரை விளக்கத்தின் கதவு திறந்தது. திருமதி ஆஷ் குள்ளமான கிழவி. மழையில் நனைந்து நிற்கும் ஓர்லாவைப் பார்த்துவிட்டு, "நீ எங்க வந்துட்டிருக்கேன்னு காலையிலேர்ந்து ஜன்னல்லயே நின்னேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். லிண்டன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பெட்டி திறந்து தேனீக்கள் வெள்ளைப் பூக்களுக்குள் போயின. ரேலீன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு வெளிப்படையாகவே அழுதாள். விம் மூக்கைச் சிந்திவிட்டு, விறகடுப்புப் புகை என்றார். அடுப்பு அன்று மூட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், "அனெக்கேவுக்குத் தேனீன்னா பயம். ஜன்னலைச் சாத்துன்னு கத்துவா. ஆனா இதைப் பாத்திருந்தா இங்கேயே உக்காந்திருப்பா."

லிண்டன் பக்கத்திலிருந்த தலையணையை எடுத்து ஓரமாக வைத்தார். "இங்க இடம் இருக்கு," என்றார். "வேணும்னா நாளைக்கும் வா. ஆட்டத்துல தெக்குப் பக்கம் பூரா அப்படியே கிடக்கு."

விம் மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வரும்போது கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

வசந்தம் வந்ததும், லிண்டன் நடந்தே ஆக வேண்டும் என்று பர்னி மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வெளியே பழைய ரயில் குகை வரை நடப்பது என்று இருவரும் கிளம்பினார்கள். தேநீர்க் குடுவையும் ரேலீன் சுற்றிக் கொடுத்த சாசேஜ் ரோலும் விம்மின் முதுகுப்பையில் இருந்தன. பாதையில் ஓரிடத்தில் மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது. இடப்பக்கம் போகலாம் என்றார் லிண்டன். வலப்பக்கம்தான் மேடு என்றார் விம். நின்று நன்றாகப் பேசிப் பார்த்தார்கள். தீர்த்துவைக்க ரேலீன் இல்லை.

லிண்டன் இடப்பக்கம் போனார். விம் வலப்பக்கம் போனார். இருவர் பூட்ஸுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. குகை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலுறைகளைப் பிழிந்து கல்லில் காயப்போட்டுவிட்டு, சாசேஜ் ரோலைப் பிரித்தார்கள்.